இணைய ஏலத்தில் பழைய பார்க்கர் 51 மைப்பேனா: டர்பனிலிருந்து கேட்கலாமா?

கேட்டவர்: சாட்ஸ்வர்த் தமிழ்வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். நான் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். பயிற்சித் தாள்களை அச்சடிக்காமல் கையால்தான் எழுதிப் படியெடுக்கிறேன், பிள்ளைகள் ஒரு மனிதக் கை போட்ட எழுத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இதுவரை லாமி சஃபாரி பேனாவில் எழுதி வருகிறேன், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பழைய பார்க்கர் 51 ஒன்று வாங்கவேண்டும் என்று வெகுநாள் ஆசை. இங்கே கடையில் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் கிடைப்பது எல்லாம் உடைந்ததாக இருக்கிறது, அதனால் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தின் பக்கம் போய்விட்டேன்.

மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது இங்கிலாந்திலிருந்து, கறுப்பு உடல், எஃகு மூடி, ஏலம் 31 பவுண்டில் நிற்கிறது, இன்னும் நான்கு நாள் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப 28 பவுண்டு. விளக்கத்தில் "ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது, பேனா பற்றி எனக்குத் தெரியாது, சோதிக்கவில்லை" என்று போட்டிருக்கிறார். படம் நான்குதான், அதில் மூன்று மூடி போட்டபடி. இரண்டாவதும் இங்கிலாந்து, பேனா பழுது பார்க்கிற ஒருவர் விற்பது, சர்வீஸ் செய்தது என்கிறார், ஏலம் இல்லை, நிலையான விலை 95 பவுண்டு. மூன்றாவது மும்பையிலிருந்து, சிவப்பும் பொன்னும் பளிங்கு மாதிரி சுழன்று கலந்த நிறம், பார்க்க அவ்வளவு அழகு, 45 டாலர்.

கையில் எடுத்துப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? சோதிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? வரி எவ்வளவு வரும், தபாலில் வந்து சேருமா? வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள். அடுக்கி வைக்க இல்லை, தினமும் எழுதத்தான்.


பதில்: மரிட்ஸ்பர்க் பேனாத்தாத்தா

தம்பி, மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள். பார்க்கர் 51 கடைக்கு வந்தது 1941இல், எழுபதுகள் வரை செய்தார்கள். கறுப்பு, சாம்பல், பர்கண்டி, டீல், கடல்நீலம், பச்சை என்று நிறம் எத்தனையோ உண்டு, ஆனால் எல்லாம் ஒரே சீரான நிறம். பளிங்கு போல வரி ஓடிய உடலோடு பார்க்கர் அந்தப் பேனாவைக் கடைக்கு அனுப்பவில்லை. யாரோ பழைய பேனாவின் நிப்பையும் மூடியையும் எடுத்துப் புதிதாகக் கடைந்த அக்ரிலிக் உடலில் பூட்டியிருக்கிறார்கள். அது எழுதலாம், நன்றாகவே எழுதலாம், இந்தியாவில் நேர்மையாக விற்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உடல் புதிது என்று ஒரு வரி எழுதாமல் அசல் 51 என்று விற்றால் அவர் சொல்லும் மற்ற எதையும் நான் நம்பமாட்டேன்.

முதலாவதற்கு வருகிறேன். "சோதிக்கவில்லை" என்ற சொல்லை யார் சொல்கிறார் என்று பார்க்கவேண்டும். அவர் விற்கிற மற்ற சாமான்களைத் திறந்து பாருங்கள். பீங்கான் தட்டு, கடிகாரம், பித்தளை விளக்கு, நடுவில் ஒரு பேனா என்று இருந்தால் அவருக்கு உண்மையாகவே தெரியாது, அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாறாக, பக்கம் முழுக்கப் பேனாவாக இருந்து, நிப்பு 14 கேரட், இன்ன ஆண்டு, இன்ன வகை என்றெல்லாம் துல்லியமாக எழுதிவிட்டுக் கடைசியில் சோதிக்கவில்லை என்றால், அவர் சோதித்திருக்கிறார். தண்ணீரில் முக்கி அழுத்திப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த வார்த்தையைப் போட்டிருப்பார்.

51இல் உள்ள சிக்கல் என்னவென்றால் நிப்பு மூடாக்கு என்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும்தான் வெளியே தெரியும். மற்றப் பேனாக்களில் நிப்பைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம், இதில் முடியாது. அதனால் விற்பவரிடம் படம் கேட்டே ஆகவேண்டும். நிப்பு நுனியை நேர் எதிரே வைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நுனியில் உருண்டையாக ஒரு மணி மாதிரி உலோகம் இருக்கவேண்டும். அது தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாகவோ நிப்புப் பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு பல்லில் ஒன்று குட்டையாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள், அதைத் திரும்ப வைக்கிற ஆள் நம் நாட்டில் கிடைப்பது கஷ்டம், வெளிநாட்டுக்கு அனுப்பினால் பேனா விலையை விடச் செலவு கூடும். அப்புறம் மூடாக்கின் நுனியை வெளிச்சத்துக்கு எதிரே காட்டச் சொல்லுங்கள், மயிரிழை விரிசல் அங்கேதான் வரும். கறுப்பு உடலில் விரிசல் கண்ணுக்குப் படாது, விரல் நகத்துக்குத்தான் படும், ஆகவே நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்லச் சொன்னாலும் தப்பில்லை.

அடுத்தது முக்கியம், உடலைக் கழற்றி உள்ளே மை நிரப்பும் பாகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். 1948 வரை வந்தவை வாக்குமேடிக், உடலின் வால் பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திருகி எடுத்தால் பொத்தான். உள்ளே ரப்பர் சவ்வு, இத்தனை வருஷத்தில் அது நைந்துபோயிருக்கும், மாற்றத் தனிக் கருவி வேண்டும். 1948க்குப் பிறகு வந்தது ஏரோமெட்ரிக், உடலைத் திருகினால் உலோக உறை தெரியும், எப்படி அழுத்தவேண்டும் என்று அந்த உறையிலேயே பொறித்திருக்கும். இதில் உள்ளே இருப்பது ரப்பர் இல்லை, ப்ளை-கிளாஸ் என்று அவர்கள் பெயர் வைத்த ஒரு வகை பிளாஸ்டிக் பை. எழுபது வருஷம் கழித்தும் கழுவிவிட்டால் மை இழுக்கிற பேனாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோதிக்காத 51ஐ ஏலத்தில் கேட்க எனக்குத் தைரியம் இருப்பதே இந்த ஒரு காரணத்தால்தான். மை இழுக்கப் பக்கத்தில் லீவர் வைத்த பழைய ஷீஃபரையோ கான்வே ஸ்டூவர்ட்டையோ சோதிக்காமல் வாங்கினால் உள்ளே ரப்பர்ப் பை பொடியாகத்தான் இருக்கும், அதை விலையில் கழித்துவிட்டே கேட்கவேண்டும்.

மூடி பளபளவென்று மெருகு போட்ட எஃகா, மங்கலான எஃகா என்றும் பாருங்கள். பளபளவென்று இருந்தால் அது 1950இல் வந்த 51 ஸ்பெஷல் ஆக இருக்கலாம், அதன் நிப்பு தங்கம் இல்லை, ஆக்டேனியம் என்ற கலப்பு உலோகம். எழுத அது மோசமில்லை, கொஞ்சம் விறைப்பு, ஆனால் தங்க நிப்பு விலை கொடுக்கக் கூடாது. ஹீரோ 616 என்ற சீனப் பேனா 51ஐப் பார்த்துச் செய்தது, அதன் மேல் பார்க்கர் என்று பொறித்து விற்பதும் நடக்கிறது. மூடியிலும் உடலிலும் உள்ள பொறிப்பைக் கிட்டத்தில் படம் கேளுங்கள், அசலில் எழுத்து நறுக்கென்று இருக்கும்.

உடலில் யார் பெயராவது பொறித்திருந்தால் பயப்படாதீர்கள். சேகரிப்பவர்கள் அதை ஒதுக்குவார்கள், விலை இறங்கும், எழுதுகிற உங்களுக்கு அது லாபம்.


பதில்: லெனேஷியா மைக்குப்பி

தாத்தா பேனாவைச் சொல்லிவிட்டார், நான் பணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் பேனாவில் இல்லை, வந்து சேரும் கணக்கில்.

தம்பி, நீங்கள் அதிகபட்சம் 50 பவுண்டு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பவுண்டு 23 ரேண்டு என்று போட்டால் பேனா 1,150 ரேண்டு, அனுப்பும் செலவு 644 ரேண்டு. இறக்குமதி வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, எப்படிப் போடுவார்கள் என்றால், பொருளின் விலையோடு 10 சதவீதம் கூட்டி, சுங்கத் தீர்வை ஏதாவது இருந்தால் அதையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 15 சதவீதம். தீர்வை இல்லை என்றே வைத்தாலும் 1,265 ரேண்டுக்குச் சுமார் 190 ரேண்டு வாட். இதற்கு மேல் கூரியர்காரர் சுங்கத்தில் எடுத்துக் கொடுத்ததற்குத் தன் கட்டணம் போடுவார், சில நேரம் வாட்டை விட அது அதிகமாக இருக்கும். ஆக 50 பவுண்டுப் பேனா கைக்கு வரும்போது 2,000 ரேண்டைத் தாண்டிவிடும். 95 பவுண்டுப் பேனாவுக்கும் இதே அனுப்பும் செலவு, இதே கூரியர் கட்டணம், வாட் மட்டும்தான் கூடும். இப்படிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விகிதத்தில் நீங்கள் திரையில் பார்க்கிற அளவு பெரிதில்லை. விலை குறைந்த பேனாவை ஏலத்தில் எடுத்து, அது எழுதாமல் போய், மறுபடி பழுதுக்கு அனுப்பினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

தபால் விஷயம். நம் அஞ்சல் துறை 2023இல், திவாலைத் தவிர்க்க, வணிக மீட்பு நிர்வாகத்தின் கீழ் போனதும் கிளைகள் மூடியதும் உங்களுக்கே தெரியும். சாதா தபாலில் போடும் பார்சல் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அதனால்தான் வெளிநாட்டு விற்பனையாளர் பலர் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பமாட்டோம் என்று போட்டுவிடுகிறார்கள். கூரியர், தடம் பார்க்கும் எண்ணோடு, அது இல்லாமல் கேட்கவே வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாக ஈபே தரும் உத்தரவாதம் பார்சல் வந்த நாளிலிருந்து, வராவிட்டால் வரும் என்று அவர்கள் காட்டிய கடைசித் தேதியிலிருந்து, 30 நாள்தான். நாம் பொறுமைசாலிகள், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்துவிடுவோம், விற்பவரும் "தயவுசெய்து இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று மரியாதையாக எழுதுவார், அந்த 30 நாள் போய்விடும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாள் முடிவதற்குள் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். பேபாலில் பணம் கட்டியிருந்தால் அங்கே 180 நாள் வரை இருக்கிறது, அது தனி.

இன்னொன்று, லண்டனில் ஒரு முகவரி எடுத்து அங்கிருந்து மறு அனுப்பல் செய்கிற சேவையைச் சிலர் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்க அது உதவும்தான். ஆனால் பொருள் அந்த முதல் முகவரியிலிருந்து கிளம்பிவிட்டால் ஈபே உத்தரவாதம் அதோடு முடிந்தது. விலை உயர்ந்த பேனாவுக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

வருஷத்துக்கு மூன்று பார்சலுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதியச் சொல்வார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பார்சலில் உள்ள பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும், கூரியர்காரர் அந்த அட்டை எண்ணைக் கேட்பார்.


பதில்: ஃபீனிக்ஸ் சுழி

எல்லோரும் வாங்கும் வழியைச் சொல்கிறீர்கள், நான் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். அண்ணா, உங்கள் தேவை தமிழ் எழுத்து, அதுவும் பிள்ளைகள் பார்த்து எழுதுகிற எழுத்து. மூன்று சுழி ண எழுதும்போது சுழி மூன்றும் திறந்திருக்க வேண்டாமா? ழு, ணை, ஞூ எல்லாம் சிறிய எழுத்தில் எழுதினால் பருத்த நிப்பில் சுழி மூடி ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். இங்கிலாந்தில் விற்ற 51களில் நடுத்தர நிப்புதான் பெரும்பாலும் மாட்டும், அதுவும் நன்றாக மை விடுகிற பேனா, சாதா தாளில் இன்னும் பருக்கும். மூடாக்குக்குள் இருப்பதால் என்ன அளவு என்று விற்பவருக்கும் தெரியாது.

அதே பணத்துக்கு ஜப்பான் பேனா பாருங்கள். ஜப்பானியர் மெல்லியது என்று போடுகிற நிப்பு ஐரோப்பியர் மெல்லியது என்பதை விட ஒரு படி மெலிசு, அவர்களுடைய எழுத்துக்கும் நெருக்கமான கோடு தேவை. பைலட், ப்ளாட்டினம், செய்லர் மூன்றிலும் தங்க நிப்பு உண்டு. ப்ளாட்டினம் 3776 என்றால் ஃபூஜி மலையின் உயரம், அதன் மூடியில் ஒரு ஸ்பிரிங் அடைப்பு இருப்பதால் மாதக்கணக்கில் எழுதாமல் வைத்தாலும் மை காயாது, வாரம் ஒரு நாள் வகுப்பு எடுக்கிற ஆளுக்கு அதை விட என்ன வேண்டும்? ஜப்பான் யாஹூ ஏலத்தில் பழையதும் கிடைக்கும், இடைத்தரகர் சேவை வழியாகத்தான் கேட்கமுடியும், அவர்கள் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இல்லை, கையால் செய்த பேனாதான் வேண்டும் என்றால் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருவள்ளூரில் ரங்கா, சென்னையில் காமா, இரண்டும் எபொனைட் என்ற கடின ரப்பரில் கடைந்து தருகிறார்கள், நிப்பு அளவை நீங்களே சொல்லலாம். யாரோ எப்படியோ எழுதித் தேய்த்த நிப்பை எதற்கு ஏலத்தில் போய்க் கேட்கவேண்டும்? பழைய நிப்பு பழைய சொந்தக்காரரின் கைச்சாய்வுக்குத் தேய்ந்திருக்கும், உங்கள் கைக்கு அது வளைந்து கொடுக்காது.


பதில்: மரிட்ஸ்பர்க் பேனாத்தாத்தா

சுழி சொன்னது நியாயமான வாதம், நிப்பு அளவு பற்றி நான் சொல்லாமல் விட்டதைச் சரியாகப் பிடித்தார். ஆனால் முழுதும் ஏற்கமாட்டேன். தேய்ந்த நிப்பு வேறு, எழுதிப் பழகிய நிப்பு வேறு. கொஞ்சம் எழுதிப் பழகிய 51இன் வழுவழுப்பு எந்தப் புதுப் பேனாவிலும் வராது. எபொனைட் பேனாவில் சொட்டுக் குழாயால் மை ஊற்றி எழுதினால், மை பாதிக்குக் கீழே போனதும் கைச்சூட்டில் உள்ளே உள்ள காற்று விரிந்து ஒரு சொட்டு தாளில் விழும், டர்பனின் பிப்ரவரிக் கோடையில் இது நடக்காமல் இருக்காது. (அதே காரணம்தான், கடல் மட்டத்தில் மை நிரப்பிய பேனாவோடு ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்கள் மூடியைத் திறந்தால் மை கொப்பளித்திருக்கும். 1,700 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், காற்றழுத்தம் இறங்கும். முழுக்க நிரப்புங்கள், அல்லது காலியாக எடுத்துப் போங்கள், நிப்பு மேலே பார்த்தபடி.) 51இன் உள்ளே மையைப் பிடித்து வைக்கும் வரிவரியான பாகம் பெரிது, அதனால் இந்தத் தொல்லை குறைவு.

மெல்லிய நிப்புள்ள 51 வேண்டும் என்றால் எழுதிக் காட்டிய தாளின் படம் இல்லாமல் வாங்காதீர்கள். இரண்டாவது விற்பனையாளர் பழுது பார்க்கிறவர் என்றால் அவரிடம் கேளுங்கள், கட்டாயம் தருவார், கோடுபோட்ட தாளில் எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் கோட்டின் பருமன் தெரியும்.


கேட்டவர்: சாட்ஸ்வர்த் தமிழ்வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. மும்பைப் பேனாவை விட்டுவிட்டேன். தாத்தா சொன்னபடி இரண்டு பேருக்கும் எழுதினேன்.

முதலாமவர் அன்றே பதில் போட்டார், மேலும் ஆறு படம் அனுப்பினார். அவர் பக்கத்தில் தட்டும் கடிகாரமும்தான், பேனா இது ஒன்றே. உள்ளே உலோக உறை இருக்கிறது, ஆக ஏரோமெட்ரிக். மூடி மங்கலான எஃகு. நிப்பு நுனி பக்கவாட்டுப் படத்தில் உருண்டையாகத் தெரிகிறது, ஆனால் மேலிருந்து பார்த்தால் நிப்பு மூடாக்கின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஏலம் இப்போது 38 பவுண்டு.

இரண்டாமவரும் எழுதிக் காட்டிய தாளை அனுப்பினார், நிப்பு நடுத்தரம். மெல்லியது ஒன்று சர்வீஸில் இருக்கிறதாம், 105 பவுண்டு, இரண்டு வாரம் ஆகும் என்கிறார். எழுதாவிட்டால் திருப்பி எடுப்பேன், திருப்பி அனுப்பும் செலவையும் தருவேன் என்று தானாகவே எழுதியிருக்கிறார்.

என்ன செய்வது? ஏலத்தைக் கேட்பதென்றால் எப்போது கேட்பது?


பதில்: மரிட்ஸ்பர்க் பேனாத்தாத்தா

நிப்பு இடப்பக்கம் திரும்பியிருப்பது ஒன்று மூடாக்கு சற்றுச் சுற்றியதாலிருக்கும், அது சரிசெய்யக் கூடியது, அல்லது யாரோ திறந்து பார்த்துச் சரியாக மூடாமல் விட்டதாக இருக்கும். இரண்டாவதென்றால் உள்ளே எதைத் தொட்டார்கள் என்று தெரியாது. மூடாக்கைப் பழைய பசையிலிருந்து சூடு காட்டித்தான் எடுக்கவேண்டும், சூடு கூடினால் உடல் கோணிவிடும், வீட்டில் செய்துபார்க்க இது இடமில்லை. உங்களுக்கு அது தினமும் எழுதுகிற பேனா, நீங்கள் என்னைப் போல் மேசை நிறையக் கருவி வைத்துக்கொண்டு உட்காருகிறவர் இல்லை. 105 பவுண்டுப் பேனாவுக்குக் காத்திருங்கள். மெல்லிய நிப்பு, எழுதிக் காட்டிய தாள், திருப்பி எடுப்பேன் என்ற வாக்கு, மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது எளிதில்லை. அந்த வாக்கை ஈபே செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் வாங்கி வையுங்கள், வெளியே மின்னஞ்சலில் வேண்டாம், பிறகு தகராறு என்றால் ஈபே பார்ப்பது தன் பெட்டியில் உள்ளதைத்தான். ஈபேக்கு வெளியே பணம் கட்டினால் விலை குறைப்பேன் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.


பதில்: லெனேஷியா மைக்குப்பி

தாத்தா சொன்னதுதான் சரி. ஆனாலும் ஏலம் கேட்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். முதலில் விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு அதே பேனா உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள், கேட்கிற விலைகளைப் பார்க்காதீர்கள், 300 பவுண்டு என்று போட்டுவிட்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிற பேனாக்கள் எத்தனையோ. அதிலிருந்து உங்கள் உச்ச விலையை, வாட் கூரியர் எல்லாம் கழித்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஈபேயில் உச்ச விலையை ஒரே தடவை போட்டால் போதும், அடுத்தவர் கேட்கக் கேட்க உங்களுக்காக அதுவே படிப்படியாக ஏறும், தேவைக்கு மேல் ஏறாது. நான்கு நாள் முன்னால் போட்டால் மற்றவர்கள் யோசிக்க நேரம் கிடைக்கும், விலை வீணாக ஏறும், ஆகவே கடைசி பத்து நொடிக்குள் போடுங்கள். இங்கிலாந்து ஏலம் ஞாயிறு இரவு எட்டரைக்கு முடிந்தால் நமக்கு அவர்கள் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அமெரிக்க ஏலம் விடியற்காலை நான்குக்கு முடியும், அதற்குக் கண் விழிக்க வேண்டாம், படுக்கும் முன் உச்ச விலையைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கேட்டவர்களின் வரலாற்றையும் திறந்து பாருங்கள். ஒரே ஆள், மற்ற யாரிடமும் வாங்காமல் அந்த ஒரு விற்பனையாளரிடமே திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தால் அது விலை ஏற்ற வைத்த ஆள். உள்ளூரில் பாப் ஷாப்பிலும், முன்பு பிட்-ஆர்-பை என்று இருந்ததே, அவ்வப்போது பழைய பேனா வரும். இறக்குமதி வாட், சுங்கம் எதுவும் இல்லை, அதையும் தினம் ஒரு பார்வை பாருங்கள்.


கேட்டவர்: சாட்ஸ்வர்த் தமிழ்வகுப்பு

மெல்லிய நிப்புக்குச் சரி என்று எழுதிவிட்டேன், கூரியரில், தடம் எண்ணோடு. திருப்பி எடுக்கும் வாக்கையும் ஈபே பெட்டியிலேயே போட்டுவிட்டார். ஏலத்தில் இருக்கும் பேனாவுக்கு நன்றி சொல்லி, நிப்பு திரும்பியிருக்கிறது என்று அவருக்கு எழுதினேன், விளக்கத்தில் சேர்க்கிறேன் என்றார், நல்ல மனிதர். கடைசியாக ஒன்று, வந்ததும் முதலில் என்ன செய்வது, என்ன மை ஊற்றுவது?


பதில்: மரிட்ஸ்பர்க் பேனாத்தாத்தா

பார்சலைத் திறக்கும்போதே கைபேசியில் படம் பிடியுங்கள். மை ஊற்றுவதற்கு முன் சாதாரணத் தண்ணீர் இழுத்து விட்டு, தெளிவாக வரும் வரை கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் பட்டால் அந்த உடலில் விரிசல் விழும். பிறகு ஒரு நாள் முழுக்க எழுதிப் பாருங்கள், குறை இருந்தால் அந்த வாரமே சொல்லுங்கள். மை பார்க்கர் க்விங்க், பெலிக்கன் 4001, வாட்டர்மேன் நீலம், இவற்றில் ஏதாவது ஒன்று. மினுமினுப்புத் தூள் கலந்த மையும் நிறமித் துகள் மையும் 51க்கு ஆகாது, உள்ளே உள்ள வரிகளில் போய் அடைத்தால் மூடாக்கைக் கழற்றாமல் எடுக்க முடியாது. மூடாக்கைத் திருகிப் பார்க்காதீர்கள். எழுதிய தாளை இங்கே போடுங்கள், சுழி திறந்திருக்கிறதா என்று ஃபீனிக்ஸ்காரர் பார்க்கட்டும்.